குதித்தால் கசிகிறது

இதைப் படிக்கிறவர்களில் சிலராவது, தும்மல் வருவதற்கு முன்னால் இரண்டு தொடைகளையும் ஒட்டி வைத்துக்கொள்கிற பெண்களாக இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், மூக்கைச் சுளிக்காமல் படிப்பதாக இருந்தால்.

நான் ஜவ்வாது மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பி.டி. டீச்சர் என்றால்தான் ஊரில் புரியும். வீடு அடிவாரத்தில், ஒடுகத்தூரில். காலையில் மலை வண்டியைப் பிடித்து ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். எங்கள் பள்ளிப் பெண்கள் சாமைக் கொல்லைக்கும் புளிய மரத்துக்கும் ஓடி ஓடியே வளர்ந்தவர்கள். ஓடுவதற்கு என்னிடம் அவர்கள் கற்க ஒன்றும் இல்லை. கோகோவில் எப்படி எழுவது, எப்படித் திரும்புவது, எப்படிப் பாய்ந்து தொடுவது என்பதைத்தான் நான் காட்ட வேண்டும். வாயால் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் விளையாட்டு வராது, செய்துதான் காட்ட வேண்டும். நான் நன்றாகச் செய்து காட்டுகிறவள். அந்தக் கர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

என் இரண்டாவது பெண் பிறந்தபோது எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நெடுநேரம் வலி எடுத்து, கடைசியில் ஆயுதம் போட்டு இழுத்தார்கள். விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கைகளைத் தலைக்கு மேல் தட்டிக்கொண்டே குதிக்கும் பயிற்சியை ஆரம்பித்தேன். இரண்டாவது குதியிலேயே சூடாக என்னவோ இறங்கியது. மாதவிலக்கு என்று நினைத்து, விசிலைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். ஓட ஓட இன்னும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தால் ரத்தம் இல்லை, மூத்திரம்.

போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டேன். சரியாகவில்லை. தும்மினால் வந்தது, சிரித்தால் வந்தது. மலை வண்டி வளைவில் ஏறி இறங்கித் தூக்கிப் போடும்போதெல்லாம் வந்தது. ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்காரும் பெண்களுக்கு வாடை தெரியுமோ என்று மல்லிகைப்பூவை இரட்டிப்பாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, பாவம்.

நான் உடற்கல்வி படித்தவள் இல்லையா, எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். பிள்ளை பெற்ற வயிற்றைப் பழைய வேட்டியால் சுற்றி இறுக்கிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வயிறு தளர்ந்துபோனதால்தான் கசிகிறது, கட்டினால் நிற்கும் என்று நினைத்தேன். டிராக் சூட்டுக்குள் வேட்டிக் கிழிசலைச் சுற்றி, மூச்சு முட்டுமளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தெழும் பயிற்சி செய்தேன், வயிறு கல்லாகும் வரைக்கும். கசிவு கூடியது. நான் இன்னும் இறுக்கினேன்.

தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினேன். மலையேறும் முன்னால் ஒரு மடக்கு, இறங்கிய பிறகுதான் அடுத்தது. அதில் மூத்திரம் மஞ்சளாகி, எரிச்சல் எடுத்து, நடுக்கமாகக் காய்ச்சல் வந்தது. சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்போதும் கசிவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடி விசில் ஊதினேன், உட்கார்ந்தபடி கத்தினேன். தலைமை ஆசிரியர் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை, "டீச்சர், உக்காந்துக்கினே பாக்குறதுக்கு கணக்கு வாத்தியாரே போதுமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து எட்டாம் வகுப்பின் விளையாட்டு பீரியடு கணக்குக்குப் போய்விட்டது. வட்டார அளவு கோகோவுக்குப் பிள்ளைகளை வேறு பள்ளி ஆசிரியை கூட்டிப் போனார். அன்றைக்கு மலைமேல் மாணவிகள் இல்லாத மைதானத்தில் தனியாக நின்றேன். செத்துப்போனால் தேவலை என்று நினைத்தது உண்மை. முப்பத்து நாலு வயதில், கையும் காலும் நன்றாக இருக்கும்போது, என்னை யாரோ ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டது போல இருந்தது.

இனிமேல்தான் கதையே. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு நான்தான் ஏற்றுவேன். ஈரத்தோடு சாமி முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. துணி மாற்றிக்கொண்டு போனாலும், குனிந்து திரியைத் தூண்டுவதற்குள் மறுபடி ஈரம். அதனால் பூஜை அறைக்குள் போவதை விட்டேன். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டார்.

"இன்னாம்மா, தூரமா?"

எங்கள் பக்கத்தில் மாதவிலக்கைத் தூரம் என்போம். நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு 'ம்' எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. தூரத்துக்கு எங்கள் வீட்டில் இடம் உண்டு. தனி வாளி உண்டு, தனிக் கொடி உண்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் துணி அலசிக்கொள்ள அனுமதி உண்டு. என் கணவர் பேடு பாக்கெட்டைக் கறுப்புக் கவரில் சுற்றி வாங்கி வந்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் போவார். விசேஷங்களுக்குப் போகாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூத்திரத்துக்கு இப்படி ஒரு மூலையும் கிடையாது. அதனால் அடுத்த வெள்ளியும் 'ம்' என்றேன். அதற்கடுத்த வெள்ளியும்.

"இன்னும் நிக்கலியா?" என்று அத்தை கேட்க ஆரம்பித்தார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். சமையல் முழுக்க அவரே செய்தார். எனக்குத் தினமும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். நான் பள்ளி விட்டு வந்தால் மூஞ்சியையே உற்றுப் பார்ப்பார். ஒரு நாள் என் கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், வெயில் காலத்தில் தலை தூக்க நேரமில்லாத வேலை. அப்படிப்பட்டவர் நடுப்பகலில் வந்து நின்று, "கெளம்பு, டாக்டராண்ட போலாம். அம்மா அழுவுது" என்றார்.

அத்தையின் தங்கை கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து இறந்தவர். மாதக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டே இருந்து, வெளியே சொல்லாமல் விட்டு இறந்தவர். அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் என் முன்னால் நிற்க, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒண்ணுக்கு என்ற சொல்லை இந்த வயதில் கணவரும் மாமியாரும் கேட்க எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செருப்பை மாட்டினேன்.

பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் அத்தைதான் பேசினார். மாதக்கணக்கில் தூரம், நிற்கவே இல்லை, ஆள் இளைத்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, "ப்ளீடிங் தொடர்ந்து இருக்காம்மா?" என்றார். தலையாட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சிறிதாக ஒரு கட்டி இருந்தது. ஃபைப்ராய்டு என்பார்கள். சதைக் கட்டி, பல பெண்களுக்கு இருக்கும், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. எனக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஓயாமல் ரத்தம் போகிறது என்று சொல்லும் பெண்ணுக்குக் கட்டியும் இருந்தால் டாக்டர் என்ன நினைப்பார்? மாத்திரை கொடுத்தார். மறுபடி போனபோது அத்தை, "ஒரு மாத்தமும் இல்லீங்க" என்றார். இரண்டு குழந்தை ஆகிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

எடுத்துவிடலாம் என்றதும் நான் பயப்பட்டிருக்க வேண்டும். என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அதோடு சேர்ந்து கசிவும் நின்றுவிடும் என்று நினைத்தேன். கீழே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதுதானே என்று. யாரிடமும் எதையும் சொல்லாமலே குணமாகிவிடலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன்.

அறுவைக்கு முந்தின நாள் என்னைச் சேர்த்தார்கள். மூன்று கட்டில் போட்ட அறை. எதிர்க் கட்டிலில் கண்ணமங்கலத்துக்காரப் பெண் ஒருத்தி, பித்தப்பைக் கல்லுக்காக வந்தவள், வாய் ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தே நான் இரண்டு தடவை துணி மாற்றினேன். அத்தை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் வந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் போர்த்தியிருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து என் நெற்றியில் விபூதி வைக்கக் குனிந்தபோது முந்தானை நழுவியது. மொட்டைத் தலை. சந்தனம் பூசிக் காய்ந்திருந்தது. அத்தைக்கு இடுப்பு வரைக்கும் முடி. ஞாயிற்றுக்கிழமைதோறும் சிகைக்காய் தேய்த்து, வாசலில் நாற்காலி போட்டு உலர்த்துவதில் அவருக்கு ஒரு பெருமிதம் உண்டு.

"குலதெய்வத்துக்கு வேண்டிக்கினேன்" என்றார். "உனுக்கு அந்த நோவு இருக்கக் கூடாதுன்னு. எடுத்துச் சோதிக்கிறப்ப இல்லன்னு வந்துடணும். வந்துடும்."

நான் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு தட்டோடு வந்து, "யூரின் ட்யூப் போடணும், காலை மடக்குங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் கசியும், அதுவும் வந்தது. நர்ஸ் ஆபரேஷன் பயம் என்று நினைத்து முதுகைத் தடவினாள்.

"அத்தே," என்றேன், "ரத்தம் இல்ல."

"இன்னாது?"

"ரத்தமே வரல. தூரமும் இல்ல. ஒண்ணுக்கு. குதிச்சா, தும்முனா, அழுதா ஒண்ணுக்கு வந்துடுது. அடக்க முடியல."

"எப்பலேந்து?"

"பாப்பா பொறந்ததுலேந்து."

அத்தையின் கை தானாகத் தலைக்குப் போனது.

"அப்ப ஒண்ணுக்குக்கா நான் மொட்ட போட்டேன்?" என்றார்.

எதிர்க் கட்டில்காரி சிரிப்பை அடக்க முடியாமல் போர்வையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை எழுந்தார். முந்தானையைத் தூக்கிப் போர்த்திக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே வெளியே போய்விட்டார். பஸ் ஏறி ஊருக்குப் போகிறார், இனி இந்த வீட்டில் எனக்கு முகம் இல்லை என்று முடிவு கட்டினேன். எழுந்து ஜன்னலிடம் போனேன். எங்கே போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, அம்மா வீட்டில் என்ன சொல்லிப் போய் நிற்பது என்று ஓடியது எனக்கு.

அப்போது நடையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அவருக்குச் சாதாரணமாகவே பெரிய தொண்டை.

"டாக்டரய்யா, எம் மருமவளுக்கு ஆபரேசன் வேணாங்க. அவளுக்கு ஒண்ணுக்கு நிக்கலியாம். சொல்ல வெக்கப்பட்டுக்கினு இத்தினி நாளா பொய் சொல்லிக்கினு கீறா. அத்தப் பாக்குற டாக்டரு எந்த ஊர்ல கீறாரு, சொல்லுங்க."

நடையில் ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக் கடைப் பையன், பெருக்குகிற அம்மாள், என் கணவர், எல்லோரும். மூன்று வருஷமாக நான் பூவும் பவுடரும் வைத்து மூடியதை அத்தை ஒரு மூச்சில் அவிழ்த்துக் கொட்டிவிட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பிளக்கவில்லை. டாக்டர்தான் வந்தார்.

"ஏம்மா, ப்ளீடிங்கான்னு கேட்டப்ப தலையாட்டினீங்களே."

"ஆமா சார்."

"கர்ப்பப்பைய எடுத்தா இது நிக்காதும்மா. சில பேருக்கு எடுத்த பிறகு அதிகமாகறதுக்கே வாய்ப்பு இருக்கு." அவருக்குக் கோபம், ஆனாலும் முகத்தில் கொஞ்சம் கலவரமும் இருந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார். கட்டிய முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. இன்னும் அரை மணி நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால் கர்ப்பப்பை போயிருக்கும், மூத்திரம் அப்படியே சொட்டிக்கொண்டிருந்திருக்கும்.

திரும்பி வரும்போது காரில் என் கணவர், "வாசர் தேஞ்சிருக்கும். மாத்திட்டா செரியாயிடும்" என்றார். மோட்டார்க்காரர், ஆறுதலுக்கு அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் எரிந்து விழுந்தேன். அத்தை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சாப்பாடு மட்டும் தட்டில் வரும், கீரை இல்லாமல்.

வேலூரில் சிறுநீர்ப் பிரிவுக் கூடத்தில் முக்கால்வாசி வயசான ஆண்கள். பிராஸ்டேட்காரர்கள். பையும் குழாயுமாக உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் வெட்கம் இல்லை. நான் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, மலைமேலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்தேன். பெயரைக் கூப்பிடுவதற்கே மதியம் ஆகிவிடும். ஒரு பரிசோதனைக்கு ஒரு நாள், அதன் முடிவுக்கு இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் புற்றுநோய், சிறுநீரகம், நரம்பு என்று புதிது புதிதாக எதையாவது நினைத்துப் பயந்தேன்.

சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் விட்டு, மெதுவாகத் தண்ணீரை நிரப்பி, எப்போது முட்டுகிறது, இருமினால் கசிகிறதா என்று பார்த்தார்கள். வலி அதிகமில்லை. ஆனால் முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் காலை விரித்துக்கொண்டு இருமுவது எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வயிற்றில் அழுத்தம் கூடும்போது வரும் கசிவு என்றார்கள். ஸ்ட்ரெஸ் இன்கான்டினன்ஸ் என்று அதற்குப் பெயர். ஸ்ட்ரெஸ் என்றதும் நான் மனக்கவலை என்று நினைத்து, "கவலையே இதனாலதான் சார்" என்றேன். டாக்டர் விளக்கினார். இருமல், தும்மல், குதிப்பு எதுவானாலும் மேலிருந்து அமுக்குகிறது, அடியில் தாங்க வேண்டிய தசை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து பிசியோதெரபி அறை. அங்கிருந்தவர் ஜெசிந்தா மேடம், என்னைவிடச் சின்னவர், கறாரானவர். எடை போட்ட ஒரு பேடைக் கையில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்தார். பிறகு நடக்கச் சொன்னார், படியேறச் சொன்னார், கீழே கிடப்பதைக் குனிந்து எடுக்கச் சொன்னார். கடைசியில், "இப்ப குதிங்க" என்றார்.

நான் நின்றேன்.

"குதிங்க டீச்சர். கசிஞ்சாதான் அளக்க முடியும்."

ஒருத்தர் எதிரில் நின்று, கசியட்டும் என்று சொல்லி என்னைக் குதிக்கச் சொன்னது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். ஒவ்வொரு குதிக்கும் வந்தது. நிறுத்தச் சொல்லும் வரை குதித்தேன். பேடை மறுபடி எடை போட்டார். நான் சுவரைப் பார்த்து நின்று அழுதேன், அவர் தடுக்கவில்லை.

இடுப்பு எலும்புக்கு அடியில் தூளி போல ஒரு தசை கட்டியிருக்கிறது என்றார். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அந்தத் தூளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பெரிய குழந்தையும் ஆயுதப் பிரசவமும் தூளியைத் தொய்ய வைத்துவிட்டன. நான் வேட்டி கட்டியதைச் சொன்னேன். படுத்தெழுந்ததைச் சொன்னேன்.

"வயித்தச் சுத்தி இறுக்குனா அழுத்தம் எங்க போவும்?"

"கீழ."

"ஏற்கெனவே தொங்குற தூளி மேலயே ஏறி உக்காந்துட்டீங்க."

பரிசோதித்துக்கொண்டே, அந்தத் தசையை இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். "நீங்க முக்குறீங்க," என்றார். "உள்ளுக்கு, மேல இழுங்க. மூச்ச அடக்காதீங்க. தொடைய விடுங்க." எனக்கு வரவில்லை. தோளை இறுக்கினேன், பிட்டத்தை இறுக்கினேன், பல்லைக் கடித்தேன். ஊர்ப் பிள்ளைகளின் உடம்பையெல்லாம் நிமிர்த்துகிற எனக்கு என் உடம்பில் ஒரு தசை இருக்கும் இடம் தெரியவில்லை. மூன்று தடவை வேலூருக்குப் போய் வந்த பிறகுதான் மெலிதாக ஓர் இழுப்பு கிடைத்தது.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஆனால் நீங்களும் ஒருமுறை இது தெரிந்த பிசியோதெரபி ஆளைப் பார்த்துவிட்டே செய்யுங்கள். முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, அந்தத் தசையை மேலே இழுத்துப் பிடித்து விட வேண்டும். விடுவதும் முழுசாக விட வேண்டும். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது. தும்மலோ இருமலோ வருவதற்கு ஒரு கணம் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பாரம் தூக்கும்போதும் எழும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. விளையாட்டுக்கு முன் கழிப்பறைக்குப் போகலாம், ஆனால் பயத்தில் நிமிஷத்துக்கொரு தரம் ஓடக் கூடாது. மாதவிலக்குப் பேடு இதற்குத் தாங்காது, மூத்திரத்துக்கென்றே பேடு இருக்கிறது. கறுப்பு டிராக் போடுங்கள். முதலில் சமதள நடை, பிறகு ஏற்றம், பிறகு உட்கார்ந்து எழுதல். குதிப்பும் ஓட்டமும் கடைசியில்தான்.

சொல்ல எளிது. வாரக்கணக்கில் செய்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மலை வண்டியில் அடுத்தடுத்துத் தும்மல் வந்தது. எல்லாம் மறந்துபோய், பேடு தாண்டி, சீட்டு வரை நனைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பேடு பாக்கெட்டைத் தூக்கி எறிந்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இனிமேல் வேலூருக்கும் போவதில்லை, மைதானத்துக்கும் போவதில்லை, ஆபீஸ் வேலை ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று கத்தினேன். என் சின்னவள் பயந்து அழுதாள்.

அத்தை வந்து பாக்கெட்டைப் பொறுக்கினார். அதுவரை பேசாமல் இருந்தவர், "எந்திரி. போயி படுத்துக்கினு அந்த இழுக்குறத இழு. நான் கொழந்தையப் பாத்துக்கறேன்" என்றார். அதன் பிறகு தினமும் அவர்தான் ஞாபகப்படுத்துவார். கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டே, "இந்திரா, இழுத்துப் புடிச்சியா?" என்று கேட்பார். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ தெரியாது. முதலில் கூசியது, பிறகு நானும் உள்ளிருந்தே, "புடிச்சிட்டேன் அத்தே" என்று கத்த ஆரம்பித்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தும்மலில் நின்றது. ஏற்றத்தில் நடந்தால் நின்றது. ஓட்டத்தில் பாதி. குதிப்பில் இன்னும் இல்லை. பேடின் எடை குறைந்திருக்கிறது என்றார் ஜெசிந்தா மேடம். டாக்டர், இன்னும் சில மாதம் பார்க்கலாம், போதவில்லை என்றால் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் நாடா போல ஒன்றை வைத்துத் தாங்கும் அறுவை செய்யலாம் என்றார். அந்த நாள் வருமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் அந்தப் பதில் எனக்குத் தெரியாது.

ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது என்று தோன்றியது. தலைமை ஆசிரியரிடம் போய் எட்டாம் வகுப்பின் பீரியடைத் திருப்பிக் கேட்டேன். "நின்னுக்கினு எடுப்பீங்களா?" என்றார். "ஓடிக்கினே எடுப்பேன் சார்" என்றேன்.

அன்றைக்குத் தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். புது பேடு, கறுப்பு டிராக். வயிற்றில் வேட்டி இல்லை. செம்மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகளைக் கோகோ வரிசையில் உட்கார வைத்து, நடுக் கட்டத்தில் நானும் குந்தினேன். பின்னாலிருந்து தட்டியதும் எப்படி எழுந்து பாய்வது என்று காட்டினேன். மூச்சை விட்டு, இழுத்துப் பிடித்து, எழுந்தேன். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. சந்தோஷத்தில் மூன்றாவது தடவை இழுத்துப் பிடிக்க மறந்து பாய்ந்துவிட்டேன். பேடு ஒதுங்கியிருந்தது போல. தொடை நெடுக இறங்கி, எழுந்த கட்டத்திலேயே சொட்டியது.

அடுத்து அந்தக் கட்டத்தில் மல்லிகா உட்கார வேண்டும். வரிசையிலேயே வேகமானவள். குந்தப் போனவள் நின்று கீழே பார்த்தாள்.

"டீச்சர், இங்க ஈரமா கீது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் என் தண்ணீர் பாட்டில் இருந்தது. பாட்டில் கொட்டிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. மல்லிகாவே அந்த பாட்டிலைத்தான் பார்த்தாள்.

"மூத்திரம்," என்றேன். "பாப்பா பொறந்ததுலேந்து எனக்குக் குதிச்சா வரும். வேலூர்ல வைத்தியம் பாத்துக்கினு கீறேன். முன்னவிட இப்ப கம்மி."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்தவள் காதில் என்னவோ சொன்னாள். நான் அப்படியே நின்றேன், எங்கேயும் ஓடவில்லை.

மல்லிகா வெறுங்காலால் பக்கத்து மண்ணை இழுத்து அந்த ஈரத்தின் மேல் தள்ளினாள். மிதித்துச் சமப்படுத்தினாள். பிறகு அதே கட்டத்தில் குந்தி, கையை ஊன்றி, தலையைத் தூக்கினாள்.

"கோ சொல்லுங்க டீச்சர்."

கோகோவில், உட்கார்ந்திருப்பவளை எழுப்பி அனுப்புகிறவள் அவள் இடத்தில் உட்கார வேண்டும். மூச்சை விட்டேன், உள்ளே இழுத்துப் பிடித்தேன், ஓடிப் போய் அவள் முதுகில் தட்டினேன். அவள் பாய்ந்து போனதும் அந்த இடத்தில் நான் குந்தினேன்.